எத்தனை புள்ளி எடுத்தார்?

கூடைப்பந்து என்றவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வரும் பெயர்கள் மைக்கல் ஜோர்டன், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் போன்றவை. இவர்கள் எல்லாரும் புள்ளிகளைக் குவித்தவர்கள். ஆட்டம் முடிந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை புள்ளி எடுத்தார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குச் சொல்லிக்கொள்ளும்படியான விடை இல்லாத ஓர் ஆட்டக்காரரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் போரிஸ் டியாவ். பிரான்ஸ் நாட்டுக்காரர். அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் 14 பருவங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடியவர். ஓர் ஆட்டத்துக்கு அவர் எடுத்த சராசரிப் புள்ளி 8.6 மட்டுமே. ஆண்டுதோறும் முன்னணி ஆட்டக்காரர்களைத் திரட்டி நடத்தப்படும் 'ஆல் ஸ்டார்' ஆட்டத்துக்கு ஒருமுறைகூட அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

அப்படியானால் அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். 2012 மார்ச் மாதத்தில், என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிக மோசமான வெற்றி விகிதத்தை நோக்கிச் சரிந்துகொண்டிருந்த ஒரு குழு, அவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டது. கடைசி இடத்தில் இருந்த குழுவுக்கே தேவைப்படாதவராக அவர் ஆகிப்போனார்! ஆனால் இரண்டே ஆண்டுகளில், 2014 ஜூன் மாதத்தில், அதே மனிதர் வெற்றியாளர் குழுவின் தொடக்க ஐவரில் ஒருவராக நின்று கிண்ணத்தைத் தூக்கினார். இடைப்பட்ட காலத்தில் அவர் வயது 30ஐத் தாண்டியிருந்தது. ஓட்டத்தில் வேகம் கூடவில்லை. புதிய வித்தை எதையும் கற்றுக்கொண்டு வரவில்லை. அவர் ஆடிய இடம் மாறியது. அவரை அளந்த அளவுகோலும் மாறியது.

ஒருவரின் திறமை வெளிப்படுவதற்கு அவருடைய உழைப்பு மட்டும் போதாது. அதை அறிந்து பயன்படுத்தும் இடமும் வேண்டும். பிறரை உயர்த்தும் திறமையைக் கணக்கில் எடுக்கத் தெரியாத குழு, தானும் உயர்வதில்லை. டியாவின் விளையாட்டு வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று என்பது என் கருத்து.

விளையாட்டில் பிறந்தவர்

டியாவ் 1982 ஏப்ரல் 16ஆம் நாள், பாரிஸ் நகரை அடுத்த கொர்மேய்-ஆன்-பாரிசி என்னும் ஊரில் பிறந்தார். தாயார் எலிசபெத் ரிஃபியோ, பிரெஞ்சு மகளிர் கூடைப்பந்து வரலாற்றில் பெரும் பெயர். தம் நாட்டுக் குழுவுக்காக 200க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் களம் இறங்கியவர். தந்தையார் இஸா டியாவ், செனகல் நாட்டைச் சேர்ந்த உயரந்தாண்டும் வீரர். தாயிடமிருந்து ஆட்ட அறிவும் தந்தையிடமிருந்து உடற்கட்டும் வந்தன என்று சொன்னால் மிகையாகாது.

இளம் வயதில் அவர் 'இன்செப்' எனப்படும் பாரிஸ் நகரத் தேசிய விளையாட்டுக் கழகத்தில் பயின்றார். அங்கே அவருடன் இருந்தவர்கள் டோனி பார்க்கரும் ரோனி தூரியாஃபும். மூவரும் நெருங்கிய நண்பர்கள். மூவருமே பின்னாளில் என்.பி.ஏ.வில் ஆடினார்கள். 2000ஆம் ஆண்டு குரோவேசியாவின் ஸடார் நகரில் நடந்த 18 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டியில் இந்தத் தலைமுறை பிரான்சுக்குத் தங்கம் வென்று தந்தது. பின்னர் டியாவ் 'போ-ஓர்த்தேஸ்' குழுவில் சேர்ந்து 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சு வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றார்.

அவருடைய உயரம் 2.03 மீட்டர். இந்த உயரம் உள்ளவரை வழக்கமாக வளையத்தின் அருகே நிறுத்தி, பந்தைப் பிடிக்கவும் எதிரியை மறிக்கவும் பழக்குவார்கள். டியாவோ குட்டையான ஆட்டக்காரரைப்போல் பந்தைத் தட்டிக்கொண்டு போவார். களம் முழுவதையும் பார்ப்பார். எவரும் எதிர்பாராத கையில் பந்தைச் சேர்ப்பார். எந்த நிலையில் ஆடுபவர் இவர் என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது. இதுவே அவருடைய பலம். இதுவே பின்னாளில் அவருக்குத் தொல்லையாகவும் ஆயிற்று.

ஒரே ஆட்டக்காரர், இரண்டு கணக்குகள்

2003ஆம் ஆண்டு என்.பி.ஏ.வின் புதுமுகத் தேர்வில் அட்லாண்டா ஹாக்ஸ் குழு அவரை 21ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. லெப்ரான் ஜேம்ஸ் முதல் ஆளாகத் தேர்வான அதே ஆண்டு அது. அட்லாண்டாவில் டியாவை எங்கே நிறுத்துவது என்று எவருக்கும் விளங்கவில்லை. 2004-05 பருவத்தில் அந்தக் குழு 82 ஆட்டங்களில் 13ஐ மட்டுமே வென்றது. டியாவின் சராசரிப் புள்ளி 4.8. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தவர்கள், 'இவர் தேறமாட்டார்' என்ற முடிவுக்கு வந்திருந்தால் அதில் வியப்பில்லை.

2005 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மாற்று ஒப்பந்தம் நடந்தது. பீனிக்ஸ் சன்ஸ் குழுவின் நட்சத்திரமான ஜோ ஜான்சன் அட்லாண்டாவுக்குப் போனார். அதற்கு ஈடாக, வரும் ஆண்டுகளில் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு உரிமைகளும் டியாவும் பீனிக்சுக்குக் கிடைத்தன. அன்று எல்லாரும் பேசியது ஜான்சனைப் பற்றித்தான். டியாவ் ஏறத்தாழக் கொசுறு.

பீனிக்சில் மைக் டி'அன்டோனி பயிற்றுநர். ஸ்டீவ் நாஷ் ஆட்டத்தை நடத்துபவர். ஓடு, பந்தைக் கொடு, இடத்தைத் திற என்பதே அவர்களின் முறை. அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே முன்னணி ஆட்டக்காரரான அமாரே ஸ்டாடமையர் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகி, பருவம் முழுவதிலும் மூன்றே ஆட்டங்களில்தான் ஆட முடிந்தது. அட்லாண்டாவில் பந்தை நடத்தும் பணியில் வைக்கப்பட்டிருந்த டியாவ், இங்கே உயரமானவர்கள் நிற்கும் இடங்களில் நின்று, அங்கிருந்தபடியே பந்தை வழங்கினார்.

விளைவு? 2005-06 பருவத்தில் ஆட்டம் ஒன்றுக்கு 13.3 புள்ளிகள். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் 'ரீபவுண்ட்' 6.9. சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கும்படி பந்தைக் கொடுக்கும் 'அசிஸ்ட்' 6.2. மூன்றும் முந்திய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஆண்டின் 'மிகுந்த முன்னேற்றம் கண்ட ஆட்டக்காரர்' விருது அவருக்குக் கிடைத்தது. மேற்குப் பகுதி இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் டாலஸ் குழுவுக்கு எதிராக 34 புள்ளிகள் எடுத்தார். கடைசி நொடியில் வெற்றிப் புள்ளியையும் அவரே போட்டார்.

இங்கே சற்று நிற்போம். ஒரு மனிதர் ஒரே கோடை விடுமுறையில் இரண்டு மடங்கு திறமைசாலி ஆகிவிட முடியுமா? 'முன்னேற்றம்' என்று விருதுக்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் டியாவ் பிரான்சில் ஆடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் எப்போதும் அப்படித்தான் ஆடினார் என்று. அட்லாண்டாவில் வெளிப்பட வழியில்லாமல் இருந்தது, பீனிக்சில் வெளிப்பட்டது.

குறிப்பேட்டில் இடம்பெறாத வேலை

டியாவின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளக் கூடைப்பந்தின் ஓர் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குழுவுக்கு ஐவர். பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் அதை வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். எதிர்க்குழுவின் ஐவரும் மறித்து நிற்பார்கள். பந்தோடு ஒருவர் ஓடினால் மறிப்பவரும் கூடவே ஓடுவார். ஆனால் கைவிட்டுக் கைபாயும் பந்தின் வேகத்துக்கு எந்தக் காலும் ஈடுகொடுக்க முடியாது. பந்து ஒருமுறை கைமாறினால் மறிப்பவர்கள் எல்லாரும் சற்றே நகர வேண்டும். மூன்று நான்கு முறை விரைந்து கைமாறினால் அவர்களில் யாராவது ஒருவர் ஓரடி பிந்திவிடுவார். அந்த ஓரடி இடைவெளியில்தான் ஒருவர் தடையின்றி நின்று பந்தைக் கூடையில் போடுகிறார்.

புள்ளி, போட்டவருக்கு. அவருக்குப் பந்தைக் கொடுத்தவருக்கு 'அசிஸ்ட்'. சரி, அதற்கு முன்னால் கொடுத்தவருக்கு? எதிரியை முதலில் தடுமாற வைத்தவர் அவர்தானே! ஆட்டக் குறிப்பேட்டில் அவருக்கு ஒன்றும் இல்லை. தம்மால் போட முடிந்த பந்தை, தம்மைவிட நல்ல இடத்தில் நிற்பவருக்கு விட்டுக்கொடுத்தவருக்கும் ஒன்றும் இல்லை. டியாவ் செய்த வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வேலைதான். அவரைச் சரியாக மதிப்பிட வேண்டுமானால் எண்களைப் பார்த்தால் போதாது. ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பார்க்கத் தெரிந்தவர் போனதும் நிலைமை மாறியது. 2008இல் டி'அன்டோனி பீனிக்சை விட்டு விலகினார். புதிய பயிற்றுநரின் முறை வேறு. அதே ஆண்டு டிசம்பரில் டியாவ் ஷார்லட் பாப்கேட்ஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார். தொடக்கத்தில் அங்கும் நன்றாகவே ஆடினார். 2009-10 பருவத்தில் 82 ஆட்டங்களிலும் களம் இறங்கினார். அந்தக் குழு தன் வரலாற்றில் முதல்முறையாக இறுதிக்கட்டச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. ஆனால் அடுத்த பருவத்தில் பயிற்றுநர் லேரி பிரவுன் விலகினார். ஜெரால்ட் வாலஸ், ஸ்டீபன் ஜாக்சன் ஆகிய முன்னணி ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வேறு குழுக்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பந்தைக் கொடுப்பவர் இருந்தார். வாங்கிக் கூடையில் போடுபவர்கள் இல்லை!

2011-12 பருவம் தொழில் தகராற்றால் 66 ஆட்டங்களாகக் குறைக்கப்பட்டது. ஷார்லட் அவற்றில் ஏழை மட்டுமே வென்று 59இல் தோற்றது. என்.பி.ஏ. வரலாற்றின் மிகக் குறைந்த வெற்றி விகிதம் அது. டியாவின் சராசரிப் புள்ளி 7.4. அவர் வாங்கிய ஊதியமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் அமெரிக்க டாலர். உடல் எடை கூடிவிட்டது என்ற கேலி ஒரு பக்கம்; எறிய வேண்டிய பந்தையும் எறியாமல் கொடுத்துவிடுகிறார் என்ற குறை மறுபக்கம். மார்ச் மாதத்தில் அவர் விடுவிக்கப்பட்டார்.

நல்ல வாய்ப்பும் அதைவிட நல்ல வாய்ப்பும்

விடுவிக்கப்பட்ட இரண்டொரு நாளில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. பழைய நண்பர் டோனி பார்க்கர் அங்கேதான் இருந்தார். டிம் டங்கன், மானு ஜினோபிலி ஆகியோரும் இருந்தார்கள். தலைமைப் பயிற்றுநர் கிரெக் போபோவிச். இந்தக் குழுவின் பாடம் எளிமையானது. உன் கையில் நல்ல வாய்ப்பு இருக்கலாம். உன் நண்பனிடம் அதைவிட நல்ல வாய்ப்பு இருந்தால் பந்தை அவனிடம் கொடு. ஷார்லட்டில் எது டியாவின் குறையாகச் சொல்லப்பட்டதோ, அதுவே சான் அன்டோனியோவில் பாடத்திட்டமாக இருந்தது!

2013இல் ஸ்பர்ஸ் இறுதிச் சுற்றை எட்டி, மயாமி ஹீட் குழுவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. மறு ஆண்டு அதே இரண்டு குழுக்களும் மீண்டும் மோதின. அந்தப் பருவத்தில் ஸ்பர்ஸ் குழுவின் எந்த ஆட்டக்காரரும் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 30 நிமிடம் ஆடவில்லை. என்.பி.ஏ.வில் அதற்குமுன் எந்தக் குழுவும் அப்படி ஒரு பருவத்தை முடித்ததில்லை. ஆயினும் 82 ஆட்டங்களில் 62 வெற்றி. எல்லாக் குழுக்களிலும் முதலிடம். அதே பருவத்தில்தான் என்.பி.ஏ. அரங்குகள் அனைத்திலும் பந்தின் ஒவ்வோர் அசைவையும் பதிவுசெய்யும் நிழற்படக் கருவிகள் பொருத்தப்பட்டன. யார் எத்தனை முறை பந்தைக் கொடுத்தார், 'அசிஸ்ட்'டுக்கு முந்திய 'அசிஸ்ட்' யாருடையது என்பனவெல்லாம் முதன்முறையாக முறைப்படி எண்ணப்பட்டன. டியாவைப் போன்றவர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவந்த வேலைக்கு அப்போதுதான் ஒரு கணக்கு பிறந்தது.

மேற்குப் பகுதி இறுதிச் சுற்றில், ஓக்லஹோமா சிட்டி தண்டர் குழுவுக்கு எதிரான ஆறாவது ஆட்டம். பார்க்கர் கணுக்கால் காயத்தால் பிற்பாதியில் ஆடவில்லை. டியாவ் 26 புள்ளிகள் எடுத்தார். கூடுதல் நேரத்தில் ஸ்பர்ஸ் 112-107 என்று வென்று இறுதிச் சுற்றை அடைந்தது. 'இவருக்குப் புள்ளி எடுக்கத் தெரியாது' என்று நினைத்தவர்களுக்கு இதுவே விடை. தெரியும், தேவைப்படும்போது எடுப்பார்.

இறுதிச் சுற்றில் முதல் இரண்டு ஆட்டங்களில் ஆளுக்கொரு வெற்றி. மூன்றாவது ஆட்டத்துக்கு முன் போபோவிச் ஒரு மாற்றம் செய்தார். உயரமான தியாகோ ஸ்ப்ளிட்டருக்குப் பதிலாக டியாவைத் தொடக்க ஐவரில் நிறுத்தினார். அந்த ஆட்டத்தின் முற்பாதியில் ஸ்பர்ஸ் 71 புள்ளிகள் குவித்தது. எறிந்த 33 பந்துகளில் 25 கூடைக்குள் விழுந்தன. இறுதிச் சுற்று ஆட்டமொன்றின் ஒரு பாதியில் எந்தக் குழுவும் அதற்குமுன் இவ்வளவு துல்லியமாக எறிந்ததில்லை. பந்து நான்கைந்து கைகள் மாறி, ஆளில்லாத இடத்தில் நின்றவரிடம் போய்ச் சேர்ந்தது. அந்தச் சங்கிலியின் நடுக் கண்ணியாக டியாவ் இருந்தார்.

நான்காவது ஆட்டத்தின் குறிப்பேட்டைப் பாருங்கள். டியாவ் 8 புள்ளிகள், 9 'ரீபவுண்ட்', 9 'அசிஸ்ட்'. எந்தப் பத்தியிலும் இரட்டை இலக்கம் இல்லை. ஸ்பர்ஸ் 21 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஐந்தாவது ஆட்டத்துடன் பட்டம் அவர்கள் கையில். சுற்று முழுவதிலும் டியாவின் சராசரிப் புள்ளி 6.2தான். ஆனால் பார்க்கர், ஜினோபிலி ஆகிய இருவரையும் மிஞ்சி, குழுவிலேயே மிகுதியான 'அசிஸ்ட்' தந்தவர் அவர். சராசரி 5.8. சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் இளைஞரான கவாய் லெனர்ட். அது தகுதியான தேர்வே. ஆனால் டியாவைத் தொடக்கத்தில் நிறுத்திய மூன்று ஆட்டங்களிலும் ஸ்பர்ஸ் முறையே 19, 21, 17 புள்ளி வித்தியாசத்தில் வென்றதை மறந்துவிடக் கூடாது.

மறுப்பும் விடையும்

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. "வெற்றிக் குழுவில் போய்ச் சேர்ந்துகொண்டால் யார்தான் ஒளிரமாட்டார்? நல்ல ஆட்டக்காரர் என்றால் மோசமான குழுவையும் தூக்கி நிறுத்த வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டியாவால் ஷார்லட்டைத் தூக்கி நிறுத்த முடியவில்லை என்பது உண்மை. தனி ஒருவராகக் குழுவைச் சுமக்கும் திறமை அவரிடம் இல்லை. அந்தத் திறமை பெற்றவர்களை நாம் போற்றுவது சரியே.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தனியாகச் சுமப்பவர் எந்தத் துறையிலும் ஒருசிலரே. மற்றவர்கள் எல்லாரும் யாரோ ஒருவருடன் சேர்ந்துதான் வேலை செய்கிறோம். உப்பைத் தனியே வாயில் போட்டுப் பார்த்து 'இது சாப்பாட்டுக்கு ஆகாது' என்று யாராவது சொல்வார்களா? குழம்பில் போட்டுப் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? ஏழு வெற்றி மட்டுமே பெற்ற ஒரு குழுவில் வைத்து டியாவை அளந்தது அப்படிப்பட்ட அளவைதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. "இது சோம்பேறிகளுக்குச் சாக்காகிவிடாதா? தோற்றவரெல்லாம் 'எனக்கு ஏற்ற இடம் கிடைக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போகலாமே?" டியாவின் கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. எடையைப் பற்றிய குறை முழுவதும் பொய் இல்லை. அவரை வரவேற்ற சான் அன்டோனியோவும் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் எடையைக் கட்டுப்பாட்டில் வைத்தால் ஊக்கத்தொகை என்ற விதி இருந்ததாகச் செய்திகள் வந்தன. அதாவது, அந்தக் குழு அவருடைய திறமையை மதித்தது. அவருடைய கடமையையும் நினைவூட்டியது. ஏற்ற இடம் கிடைத்தால் மட்டும் போதாது. அந்த இடத்துக்கு ஏற்றவராக நம்மை வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. இரண்டும் சேர்ந்தபோதுதான் 2014 நிகழ்ந்தது.

தலைவரான கதை

டியாவ் அமெரிக்காவில் துணை ஆட்டக்காரராகப் பேசப்பட்டாலும், தம் நாட்டில் தலைவர். பிரெஞ்சுத் தேசியக் குழுவுக்காக 200க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார். அவருடைய தலைமையில் பிரான்ஸ் 2013இல் சுலோவேனியத் தலைநகர் லுப்லியானாவில் லித்துவேனியாவை 80-66 என்று வென்று, முதன்முறையாக ஐரோப்பியத் தங்கத்தைப் பெற்றது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பார்க்கர். கிண்ணம் வாங்கிய அணித்தலைவர் டியாவ். மறு ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் பார்க்கர் ஆடவில்லை. ஸ்பெயின் தன் சொந்த மண்ணில் தங்கத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தது. காலிறுதியில் பிரான்ஸ் ஸ்பெயினை 65-52 என்று வீழ்த்தி, இறுதியில் வெண்கலம் பெற்றது. உலகக் கிண்ணத்தில் பிரான்ஸ் வென்ற முதல் பதக்கம் அது.

2018இல் அவர் ஓய்வு பெற்றார். பின்னர் தேசியக் குழுவின் பொது மேலாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அந்தப் பொறுப்பிலும் எல்லாம் வெற்றியாக அமையவில்லை. 2023 உலகக் கிண்ணத்தில் பிரான்ஸ் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே பிரான்ஸ் வெள்ளிப் பதக்கம் பெற்றது. காலிறுதியில் பயிற்றுநர் வின்சென்ட் கொலே தொடக்க ஐவரை மாற்றி, பெரிய பெயர்களைவிடப் பொருத்தமான ஆட்டக்காரர்களை முன்னிறுத்தினார். பத்தாண்டுகளுக்கு முன் போபோவிச் டியாவை முன்னிறுத்தியது இதைப் பார்த்தபோது நினைவுக்கு வராமல் போகாது.

நாம் எண்ணுவதும் எண்ணாததும்

ஒரு பிரெஞ்சு ஆட்டக்காரரின் கதை நம் ஆண்டு மலரில் எதற்கு? காரணம் இருக்கிறது. "எத்தனை புள்ளி எடுத்தார்?" என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. "எஸ்.பி.எம்.மில் எத்தனை ஏ?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு, "சி.ஜி.பி.ஏ. எவ்வளவு?" என்று அது உருமாறியது. படித்து முடித்தவர்களிடம், "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கப்படுகிறது. இந்த எண்கள் தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. உபகாரச் சம்பளத்துக்கும் வேலைக்கும் அவை வேண்டும். ஆனால் அவை மட்டுமே ஒருவரின் மதிப்பு என்று நாம் நம்பத் தொடங்கும்போது, ஒரு நல்ல டியாவை இழக்கிறோம்.

ஒவ்வொரு படிப்புக் குழுவிலும், தனக்குப் புரிந்ததை மற்ற நால்வருக்கும் புரியும்வரை சொல்லித் தரும் ஒருவர் இருப்பார். அவருடைய தேர்வு முடிவுத் தாளில் அதற்கென்று ஒரு வரி இராது. ஒவ்வொரு செயலவையிலும், மண்டபம் ஏற்பாடு செய்வதிலிருந்து கடைசி நாற்காலியை அடுக்குவதுவரை ஓடியாடி வேலை செய்துவிட்டு, மேடையில் மாலை போடும் நேரத்தில் ஒப்பனை அறைப் பக்கம் நிற்கும் ஒருவர் இருப்பார். நிகழ்ச்சி மலரில் அவர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். சில வேளைகளில் அதுவும் இராது. அவர் அடுத்த ஆண்டு விலகிவிட்டால்தான், நிகழ்ச்சி எதனால் நடந்துகொண்டிருந்தது என்பது நமக்கு விளங்கும்.

வள்ளுவர் பொருட்பாலில் 'வலியறிதல்', 'காலமறிதல்', 'இடனறிதல்' என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். சிறிது தள்ளி, ஆளை அறிந்து வேலையைக் கொடுப்பதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். முதல் மூன்றும் செயலில் இறங்குபவனுக்கு. நான்காவது, பிறரிடம் வேலையை ஒப்படைப்பவனுக்கு. டியாவ் தம் வலியையும் இடத்தையும் அறிந்தார். போபோவிச் தெரிந்து வினையாண்டார். நம் பாடநூலில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்த அதிகாரங்களை, ஒரு கூடைப்பந்துத் திடலில் இரண்டு வெளிநாட்டவர் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்!

ஆகவே நண்பர்களே, இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் எண்கள் குறைவாக இருந்தால், உடனே உங்களைக் குறைவாக எடைபோட்டுவிடாதீர்கள். எங்கே எப்படிப்பட்டவர்களுடன் இருக்கும்போது உங்கள் வேலை சிறக்கிறது என்று பாருங்கள்; முடிந்தால் அங்கே போங்கள்; போகும்போது உங்களைத் தகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: செயலவையாகட்டும், நாளை நீங்கள் அமரப்போகும் அலுவலகமாகட்டும், புள்ளி எடுத்தவரைப் பாராட்டும்போது பந்தைக் கொடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். அதற்கும் முந்திக் கொடுத்தவர் யார் என்றும் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. அப்படிக் கேட்கும் பழக்கம் உள்ள குழுக்களில் ஆட்கள் விலகிப் போவது குறைவு. வெற்றி தங்குவது அதிகம். இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நன்றியுரை ஆற்றப்போகிறவர் அந்தப் பெயர்களையும் தேடி எழுதிக்கொண்டு வந்தால், இந்தக் கட்டுரை எழுதியதன் பயன் கிட்டிவிடும்.